அணைக்காமலே மாறிய எண்

அத்தியாயம் 7

"இந்த ஆபீஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல ஒண்ணு கொலைகாரன்," என்றான் டெல்ஃபின்.

"நெருப்புல யாரும் சாகலை," என்றாள் லியோனோரா கும்பான்.

"சாகலையேன்னுதான் மனாங் அவனுங்களுக்கு வருத்தம்."

ஊருக்கு அவள் நோரா; வயதில் சின்னவர்களுக்கு 'மனாங்', அதாவது அக்கா. 'பனாய் முரசு' வாரப் பத்திரிகையின் மாடிப்படியில் நின்றபடி, சேலைத் தலைப்பில்லாத குறையைத் தன் குடையால் தீர்த்துக்கொண்டு, முகத்தில் தெறித்த மழைச் சாரலைத் தடுத்துக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடைகளையும் மூழ்கிய படகுகளையும் விசாரித்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவள். இப்போது இலோயிலோ நகரில் சொந்தமாகத் துப்பறிகிறாள். டெல்ஃபின் அவளுடைய உதவியாளன். அதற்கு முன் சவ ஊர்தி ஓட்டியவன். 'என் வண்டியில ஏறினவங்க ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்ல' என்பது அவன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ்.

விவகாரம் இதுதான். டோன் அமாடோ என்ற பெரிய மனிதரின் இழுவைக் கப்பல், கடலில் ஒரு சின்னப் படகை முட்டி இரண்டு மீனவர்களைக் கொன்றுவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு ஓடிவிட்டது. பார்த்தவன் ஒருவன்தான். பெயர் இஸ்கோ, அவனும் மீனவன். 'பனாய் முரசு' அவன் பெயரை மறைத்து அவன் கண்டதை வெளியிட்டது. அவனையும் அவன் மனைவியையும் எதிரே இருக்கும் கிமாராஸ் தீவில், ஒரு மாந்தோப்புக் குடிசையில் ஒளித்து வைத்தது.

அந்தக் குடிசையை யாரோ கொளுத்திவிட்டார்கள். பின்பக்கத் தட்டியை உடைத்துக்கொண்டு இருவரும் தப்பினார்கள். ஆனால் இஸ்கோவின் மனைவிக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று.

அதற்குப் பிறகுதான் பத்திரிகையின் ஆசிரியர் ஹெர்மினியோ பென்யாஃப்ளோர், நோராவைக் கூப்பிட்டார். அவள் முதல் வேலையாக அந்தத் தம்பதியை வேறு இடத்துக்கு மாற்றினாள். எங்கே என்பது அவளுக்கும் டெல்ஃபினுக்கும் மட்டுமே தெரியும்.

நேற்று ஒரு திருப்பம். டோன் அமாடோவின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், மனசு கேட்காமல், ஒரு மின்னஞ்சலின் நகலை நோராவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். 'கிமாராஸ். தோப்புக்குப் பின்னால். நீலத் தகரக் கூரை.' அவ்வளவுதான் வாசகம். அனுப்பியவர் பெயர் பொய். ஆனால் அதன் தலைப்பில், யாரும் படிக்காத வரிகளுக்குள், அனுப்பிய கணினியின் எண் இருந்தது. பத்திரிகை அலுவலகத்தில் ஒவ்வொரு கணினிக்கும் வீட்டுக் கதவு மாதிரி ஓர் எண் உண்டு. இந்த எண் பதினான்கில் முடிந்தது.

பதினான்கு, ஜினலின் பர்ரேன்யோவின் கணினி. இஸ்கோவைத் தேடிக் கண்டுபிடித்து, பேசவைத்து, அந்தச் செய்தியை எழுதிய நிருபரே அவள்தான்.

நாளைக் காலை போலீஸ் அவளை அழைத்துப் போகும்.

*

ஜினலின் தன் மேசையில் இருந்த சாமான்களை ஒரு பிஸ்கோச்சோ ரொட்டிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"சனிக்கிழமை மத்தியானம் அந்த மெயில் போயிருக்கு. நீ எங்க இருந்தே?" நோரா கேட்டாள்.

"மீன்பிடித் துறைமுகத்துல. போறதுக்கு முன்னாடி மெஷினை அணைச்சிட்டுத்தான் போனேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"ஒருத்தி கம்ப்யூட்டரை அணைக்கிறதை யாரு மனாங் வேடிக்கை பார்ப்பாங்க?"

"உன் கடவுச்சொல் யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. அதான் எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க." அவள் பெட்டியை மூடினாள். "இஸ்கோவோட பொண்டாட்டி எனக்கு நண்டு சமைச்சுப் போட்டவ. அந்தக் கையையா நான் எரிப்பேன்?"

நோரா அவளை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. இன்சூரன்ஸ் காலத்தில் அழுதபடியே கடையைக் கொளுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள்.

அலுவலகத்தில் மீதி இருந்தவர்கள் மூன்று பேர். விளம்பரப் பகுதி மிலாக்ரோஸ். பக்க வடிவமைப்பாளன் ரெனான்டே. பிறகு ஆசிரியர் ஹெர்மினியோ. மூவருக்கும் அந்தக் குடிசை தெரியும். முறை வைத்து அரிசியும் கருவாடும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள்.

ஆசிரியரின் மேசையில் கணினியே கிடையாது. பழைய தட்டச்சு இயந்திரம்தான். 'அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்குத் தும்மல் வரும்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனிதர்.

டெல்ஃபின் வடிவமைப்பு அறைக் கதவைத் தள்ளினான். சின்ன அறை, குளிர்சாதனத்தின் குளிரில் ரெனான்டே காதுவரை மப்ளர் சுற்றியிருந்தான்.

"பிணவறை மாதிரி இருக்கு. எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு," என்றான் டெல்ஃபின்.

ரெனான்டே சிரிக்கவில்லை. "சனிக்கிழமை பூரா நான் இங்கதான் இருந்தேன். திருவிழா மலருக்குக் கலர் பக்கம் தயார் பண்ணிக்கிட்டிருந்துச்சு மெஷின். காலையில ஆரம்பிச்சு சாயங்காலம்தான் முடிஞ்சுது. நடுவுல அணைச்சிருந்தா முதல்ல இருந்து பண்ணணும். கீழ அச்சுக்கூடத்துல கேளுங்க, பக்கம் வந்துச்சான்னு."

"வந்துச்சு. கேட்டாச்சு," என்றாள் நோரா.

வெளியே வந்ததும் டெல்ஃபின் விரலை மடக்கினான். "மனாங், என் வீட்டுலயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. மச்சான் தலையில கட்டிட்டுப் போனது. அதுல நம்பரை மாத்தினா, 'என்னை அணைச்சுத் திறந்தாத்தான் ஆச்சு'ன்னு அடம் பிடிக்கும். அப்போ ரெனான்டே அவன் மெஷினை ஜினலின் நம்பருக்கு மாத்தியிருக்கணும்னா, அணைச்சிருக்கணும். அணைக்கலை. மிலாக்ரோஸ் அன்னைக்குப் பூரா கப்பல்ல இருக்கிற புருஷனோட சாட்ல சண்டை. அவளும் அணைக்கலை. எடிட்டருக்குக் கம்ப்யூட்டரே இல்லை. மிச்சம் யாரு? அந்தப் பொண்ணுதான்."

"அழகா சொன்னே."

"நன்றி."

"ஆனா நீ அணைச்சுத் திறக்கிற கதையை அவன்கிட்ட உள்ளேயே ஒரு தடவை சொன்னே. அவன் 'ஆமா, ஆமா'ன்னு தலையாட்டினான்."

"ஒத்துக்கிட்டான். அதுல என்ன தப்பு?"

"தலையாட்டினதுக்கு அப்புறம்தான் மூச்சே விட்டான்."

*

இஸ்நார்ட் தெருவில் தெஸ்ஸி என்பவளின் இன்டர்நெட் கடை. நோரா அவளிடம் ஒரு கணினியைக் கேட்டு வாங்கினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து டெல்ஃபின் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பக்கோலோட் நகரத்து விதவை ஒருத்தியோடு சாட்டில் மூழ்கினான்.

"தெஸ்ஸி, ஓடுற கம்ப்யூட்டரோட நம்பரை அணைக்காம மாத்த முடியுமா?"

"பழைய மெஷின்ல முடியாது. இதெல்லாம் புதுசு, முடியும். எந்த மெஷின்ல மாத்தணும்?"

நோரா சத்தமில்லாமல் டெல்ஃபினின் கணினியைக் காட்டினாள். கடையில் இருந்த எல்லாமே தெஸ்ஸியின் மேசையிலிருந்து ஆட்டுவிக்கக்கூடியவை. தெஸ்ஸி, எதிரே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்த கணினியின் எண்ணை அதில் தட்டினாள். சட்டென்று டெல்ஃபின் திரையிலும் நர்ஸின் திரையிலும் ஓர் எச்சரிக்கைக் கட்டம் மணியடித்துக் குதித்தது.

"என்ன இது? யாரோ என் நம்பரைத் திருடுறாங்களாம்!" நர்ஸ் கத்தினாள்.

"ஓடிக்கிட்டு இருக்கிற மெஷினோட நம்பரை எடுத்தா ரெண்டும் ஊரைக் கூட்டிடும்," என்ற தெஸ்ஸி, அடுத்து ஒரு மூலையில் அணைந்து கிடந்த கணினியின் எண்ணைப் போட்டாள். கட்டம் எதுவும் வரவில்லை. மணியும் அடிக்கவில்லை. பாட்டு இடறாமல் ஓடிக்கொண்டே இருந்தது. கணினி அதே கணினி. அதன் பெயர்ப் பலகை மட்டும் வேறு.

நோரா மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள். ஜினலின் அணைத்துவிட்டுப் போனேன் என்றாளே, அதற்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அவள் கணினி ஓடிக்கொண்டிருந்தால் அந்த எண்ணை யாராலும் சத்தமில்லாமல் எடுத்திருக்க முடியாது.

அப்போதுதான் டெல்ஃபின் அலறினான்.

"மனாங்! அவ போயிட்டா!"

"யாரு?"

"பக்கோலோட்காரி! 'உங்களுக்குச் சொந்தமா வண்டி இருக்கா'ன்னு கேட்டா. 'இருந்துச்சு, நீளமான கறுப்பு வண்டி'ன்னு அடிச்சேன். ஆளே காணோம்!"

"வண்டியால இல்ல," என்றாள் தெஸ்ஸி சிரித்துக்கொண்டே. "நம்பர் மாறினா வெளியில இருந்து வந்துக்கிட்டிருக்கிறது எல்லாம் அறுந்துடும். மெஷினுக்குள்ளேயே ஓடுற பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

நோரா குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"எங்க மனாங்? அவளுக்கு ஒரு வார்த்தை விளக்கம் சொல்லிட்டு வரேன்..."

"டெல்ஃபின், சனிக்கிழமை மத்தியானம் அந்த ஆபீஸ்ல யாருக்கு எது அறுந்துச்சுன்னு கேக்கப் போறோம். வா."

*

மிலாக்ரோஸ் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"என் சாட்டா? அறுந்திருந்தா நான் மெழுகுவர்த்தி ஏத்தியிருப்பேன் மனாங் நோரா. அந்த ஆளு ஜெனோவா துறைமுகத்துல இருந்து விடாம அடிக்கிறான். என் அம்மா பேச்சு, என் தம்பி பேச்சு. ஒரு நிமிஷம் ஓய்வில்ல."

"அப்போ லைன் நல்லா இருந்துச்சு."

"எனக்கு நல்லா இருந்துச்சு. ரெனான்டேவுக்குத்தான் போச்சு. பாக்ஸிங் நடுவுல."

"என்ன பாக்ஸிங்?"

மிலாக்ரோஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நம்ம ஊர்ப் பையன் ஒசாகாவுல சண்டை போட்டான் இல்ல? டிவியில வரலை. ரெனான்டே மெஷின்ல நேரடி வர்ணனை வந்துச்சு. உள்ள இடமில்லைன்னு ஸ்பீக்கரை வயரோட இழுத்து வராந்தாவுல வெச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டான். அச்சுக்கூடத்து ஆளுங்க பூரா இங்கதான். பையன் கீழ விழுந்தான், நடுவர் எண்ண ஆரம்பிச்சாரு, பட்டுன்னு சத்தம் போச்சு. அவங்க திட்டின திட்டுல ஏசு படமே திரும்பிக்கிச்சு."

டெல்ஃபின் நோராவைப் பார்த்தான். நோரா ஏற்கனவே வடிவமைப்பு அறைக்குள் போயிருந்தாள்.

"ரெனான்டே, இந்த மெஷின்ல நம்பரை மாத்த அணைக்கணுமா?"

அவன் மப்ளரைத் தளர்த்தினான். "அது... உங்க ஆளு அப்படிச் சொன்னாரு..."

"என் ஆளு பிணம் ஓட்டினவன். நீ சொல்லு."

"வேண்டாம்." அவன் குரல் இறங்கியது. "கீழே அச்சுத் தகடு செய்யிற மெஷின் வேற வரிசை நம்பர்ல இருக்கு. பக்கம் அனுப்பும்போதெல்லாம் மாத்துவேன், திரும்பப் பழசுக்குக் கொண்டுவருவேன். அணைக்கிறதே இல்ல."

"சனிக்கிழமை ஜினலினோட நம்பருக்கு மாத்தினே. பாக்ஸிங் அறுந்துச்சு. மெயிலை அனுப்பினே. திரும்ப மாத்தினே. லைன் போச்சுன்னு கதை விட்டே. அதே லைன்ல மிலாக்ரோஸ் புருஷன் விடாம கத்திக்கிட்டிருந்தான்."

"நான் இல்ல!"

"இந்த மெஷின்தான் அது. இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தது நீ. நீயே சொன்னே, நாள் பூரா இங்கதான் இருந்தேன்னு."

"நான் இல்லவே இல்ல மனாங்!" ரெனான்டே எழுந்துவிட்டான். "நான் இங்க இல்லவே இல்ல. ஸ்பீக்கரை வெளிய வெச்சுட்டு, கதவைச் சாத்திட்டு, பின்படி வழியா இறங்கி ஹாரோவுக்குப் போயிட்டேன். அங்க இன்னொரு பத்திரிகையில வேலை கேட்டுப் போனேன். அவங்க மேனேஜர் கூடவேதான் இருந்தேன், கேட்டுப் பாருங்க. இங்க தெரிஞ்சா எடிட்டர் அன்னைக்கே துரத்திடுவாரு. வர்ணனை சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா நான் உள்ள இருக்கேன்னு எல்லாரும் நினைப்பாங்கன்னுதான்... திரும்பி வந்தப்போ பாக்ஸிங் ஓடிக்கிட்டிருந்துச்சு. நடுவுல அறுந்ததே எனக்கு அப்புறம்தான் தெரியும்."

டெல்ஃபின் விசிலடித்தான். "அடப்பாவி. போலீஸுக்குப் பயப்படலை, வேலை போயிடும்னு பயந்திருக்கான்."

நோரா அந்த ஹாரோ மேனேஜரிடம் தொலைபேசியில் பேசினாள். ரெனான்டே சொன்னது நிஜம். பேசிவிட்டு வந்தபோது அவள் முகத்தில் வெற்றி இல்லை. எதையோ கேட்கவே விரும்பாத ஒருத்தியின் முகமாக இருந்தது அது. கீழே அச்சுக்கூடத்துக்குப் போனாள். கை முழுக்க மையோடு போர்மன் நெஸ்டர் நிமிர்ந்தார். வயதில் மூத்தவர்; அவளுக்கு அவர் 'மனோங்', அதாவது அண்ணன்.

"மனோங் நெஸ்டர், பாக்ஸிங் அறுந்தப்போ நீங்க அந்தக் கதவைத் தட்டலையா?"

"உடைக்கவே பார்த்தோம்! அதுக்குள்ள கதவு கொஞ்சம் திறந்துச்சு. 'லைன் போச்சு, ரெனான்டே சரிபண்ணிக்கிட்டிருக்கான், கொஞ்சம் பொறுங்க'ன்னு சொல்லிட்டு மூடிட்டாரு. சொன்ன மாதிரியே திரும்ப வந்துச்சு. அதுக்குள்ள பையன் எழுந்து, அந்த ஜப்பான்காரனை..."

"யாரு சொன்னது?"

"யாரா? எடிட்டர்தான்."

டெல்ஃபினுக்கு முதல் தடவையாக நகைச்சுவை எதுவும் வரவில்லை.

ரெனான்டே அந்த அறையில் இல்லை. அவன் இல்லை என்பது, அப்போது அந்த அறைக்குள் இருந்த ஒருவருக்கு மட்டுமே தெரியும். அந்த ஒருவர்தான், அவன் உள்ளே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

*

ஹெர்மினியோ பென்யாஃப்ளோர் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் பட்சோய் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தலை, மடிப்புக் கலையாத சட்டை. அவர்களைப் பார்த்ததும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வா நோரா. இன்னைக்காவது சொல்லு. இஸ்கோவை எங்க வெச்சிருக்கே? நான் போய் ஒரு தடவை பார்த்துட்டு வரேன். பாவம், அந்தப் பொம்பளையோட கை..."

"இதை நீங்க தினமும் கேக்கறீங்க, மனோங்."

"கவலைதான்."

"முதல் நாள் நானும் கவலைன்னுதான் நினைச்சேன்." நோரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கம்ப்யூட்டரைப் பார்த்தா உங்களுக்குத் தும்மல் வரும். ஆனா வாராவாரம் பக்கம் போகும்போது ரெனான்டே தோளுக்குப் பின்னால நின்னு பார்க்கிறது நீங்கதானே? அவன் நம்பரை மாத்துறதை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க?"

அவர் தட்டச்சு இயந்திரத்தின் உருளையைத் திருகினார்.

"மெயில்ல மெஷின் நம்பர் ஒட்டிக்கிட்டுப் போகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னுதான் யோசிச்சேன். போன வருஷம் ஒரு மொட்டை மெயில் வழக்கைப் பத்தி ஜினலின் எழுதியிருக்கா. வரி வரியாத் திருத்தினது நீங்க."

"நோரா, நீ என் ஆளு. நான்தான் உன்னை அமர்த்தினேன்."

"அதான் எனக்கு அவமானமா இருக்கு. நான் ஒளிச்சு வெச்சா, இடத்தை உங்ககிட்ட வந்து சொல்லுவேன்னு அமர்த்தினீங்க." அவள் குரல் உயரவில்லை. "சனிக்கிழமை அந்த அறையில ரெனான்டே இல்ல. அவனே சொல்லிட்டான். பின்படி வழியா அவன் போனான், அதே வழியா நீங்க வந்தீங்க. வெளிய நின்னவங்ககிட்ட அவன் சரிபண்ணிக்கிட்டிருக்கான்னு யாரு சொன்னது, மனோங்?"

மழை தகரக் கூரையில் சடசடத்தது. ஹெர்மினியோ கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கப்பல்ல," என்றார் கடைசியில், "சுக்கான் பிடிச்சிருந்தது என் பையன்."

வாசலில் ஏதோ விழுந்தது. ஜினலின் நின்றிருந்தாள். காலடியில் பிஸ்கோச்சோ பெட்டி கவிழ்ந்து, பேனாக்கள் சிதறிக் கிடந்தன.

"ஜுன்-ஜுன்னா?" என்றாள். "நம்ம ஜுன்-ஜுன்னா?"

"தூங்கிட்டான். ரெண்டு ஷிப்ட் சேத்து ஓட்டவெச்சிருக்கானுங்க. முட்டினதுக்கு அப்புறம்தான் கண்ணு முழிச்சிருக்கான். விளக்கை அணைக்கச் சொன்னது கேப்டன். நம்ம செய்தி வந்த அன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்து குளியலறைத் தரையில உட்கார்ந்து அழுதான்." ஹெர்மினியோ யாரையும் பார்க்கவில்லை. "அப்புறம் டோன் அமாடோவோட ஆளு வந்தான். சாட்சிகிட்டப் பேசி, மலைப்பக்கம் எங்கயாவது குடிவெச்சிடுறோம், இடத்தை மட்டும் சொல்லுங்கன்னான். பேசறதுக்குத்தான்னு நம்பினேன். நெருப்பு வைப்பானுங்கன்னு..."

"நெருப்பு வெச்சதுக்கு அப்புறமும் தினமும் கேட்டீங்க," என்றாள் நோரா.

அவர் கைக்குட்டையை மடித்து, மறுபடியும் பிரித்தார்.

ஜினலின் உள்ளே வந்தாள். "ஏன் சார் என் நம்பர்? உங்ககிட்டதான் நான் எழுதவே கத்துக்கிட்டேன். எதுக்கு என்னோடது?"

கிழவர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வேற காரணம் எதுவும் இல்லம்மா. அன்னைக்கு உன்னோடது மட்டும்தான் அணைஞ்சிருந்துச்சு."

டெல்ஃபின் குனிந்து பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான். நோரா தொலைபேசியை எடுத்தாள். போலீஸ் காலையில் வர வேண்டாம், இப்போதே வரட்டும் என்று சொன்னாள். ஆள் மட்டும் வேறு.

ஜினலின் கதவுக்கு நேர் வெளியே இருந்த தன் மேசைக்குப் போனாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறாள் என்று நோரா நினைத்தாள். அவள் உட்கார்ந்தாள். கணினியை உசுப்பினாள். அது கண் விழிக்கும்வரை காத்திருந்து, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தட்ட ஆரம்பித்தாள். ஒரு பத்தி ஓடியது. பிறகு விரல்கள் நின்றன.

"சார்," என்றாள் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல். குரலில் நடுக்கம் இருந்தது. ஆனால் கேள்வி நிருபருடையது. "ஜுன்-ஜுன்னு போட முடியாது. முழுப் பேரு வேணும்."

ஹெர்மினியோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருடமாக எத்தனையோ நிருபர்களிடம் அவர் திருப்பித் திருப்பிக் கேட்ட கேள்வி அது.

"என் பேருதான்," என்றார். "பின்னால ஜூனியர்னு சேத்துக்கோ."